அம்மா சொல்லும் நோயும் வகுப்பறை காணும் குழந்தையும்

பத்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியராகவும் வகுப்பாசிரியராகவும் இருந்தேன். பள்ளி திறந்த இரண்டாவது வாரம் ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பை. அது நிறைய ஓ.பி. சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள்.

“டீச்சர், பாப்பாவுக்கு முட்டை சேராது, பால் சேராது, பருப்பு சேராது, கோதுமையும் சேராது. சாப்பிட்டா ராத்திரி முழுக்க வாந்தி. கஞ்சி மட்டும்தான் குடுத்து அனுப்புவேன். வேற எதையும் வாயில வைக்கக்கூடாது. விளையாட விடாதீங்க, மயக்கம் போட்டுடுவா.”

அந்தச் சிறுமியை இங்கே மலர் என்று குறிப்பிடுகிறேன். பெயரையும் அடையாளம் தரும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். மலர் மெலிந்த பெண். உடற்கல்வி வகுப்பில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளைக் காவல் காப்பாள். மாதத்தில் ஏழெட்டு நாள் வரமாட்டாள். பிள்ளைகள் அவளுக்கு ‘ஆஸ்பத்திரி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

தாயின் மீது எனக்குப் பெரிய மரியாதை. மருத்துவச் சொற்களை அவர் தயக்கமின்றிப் பேசுவார். எந்த டாக்டர் எந்தக் கிழமை பார்ப்பார் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு பெற்றோர் கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, “தாய் என்றால் இப்படி இருக்க வேண்டும்” என்று பாராட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

டிசம்பரில், முட்டை போடும் நாளில், மதிய உணவு வரிசை முடிந்த பிறகு வராந்தாவில் மலர் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பதறிப்போனேன். மாலை வரை அவளை என் மேசைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். தடிப்பு இல்லை, வாந்தி இல்லை. பக்கத்தில் இருந்த தோழி மெதுவாகச் சொன்னாள்: “அவ தினமும் எங்ககிட்ட வாங்கிச் சாப்பிடுவா டீச்சர். சாம்பார் சாதம், சப்பாத்தி எல்லாம்.”

எனக்கு மகிழ்ச்சி. மாலையில் பள்ளி வாசலிலேயே தாயிடம் சொன்னேன். “நல்ல சேதிங்க அம்மா. முட்டை சாப்பிட்டா, ஒண்ணும் ஆகல. டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

அந்த முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “நீங்க டாக்டரா?” என்று கேட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அடுத்த பன்னிரண்டு நாள் மலர் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, அன்று இரவே வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். ஜனவரியில் வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். காரணம் என்ற இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று நானே எழுதினேன்.

மலருக்கு உண்மையிலேயே நோய் இருந்ததா, இல்லாத நோய் அவள் மீது ஏற்றப்பட்டதா? இன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக்கூடியவர்களிடம் அந்தக் கேள்வியை நான் கொண்டுபோகவில்லை என்பது மட்டும் தெரியும். அந்தக் குறைதான் என்னை இந்தப் பொருளைப் படிக்கவைத்தது. படித்தவற்றில் ஆசிரியர்களுக்குப் பயன்படுவதை இங்கே தருகிறேன்.

புனைந்த நோய் என்றால் என்ன?

குழந்தையைப் பராமரிப்பவர் ஒருவர், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்வது, இருக்கும் சிறு நோயைப் பெரிதாக்குவது, அல்லது நோயைத் தானே உண்டாக்குவது. அதன் விளைவாகக் குழந்தை தேவையற்ற பரிசோதனை, மருந்து, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு ஆளாவது. இதுவே புனைந்த நோய். பதிவான நிகழ்வுகளில் பெரும்பாலும் தாய்தான் அந்தப் பராமரிப்பாளர். தந்தை, பாட்டி, வளர்ப்புப் பெற்றோர் செய்த நிகழ்வுகளும் உண்டு.

1951இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர், இல்லாத நோயைச் சொல்லி மருத்துவமனை மருத்துவமனையாகச் சேரும் பெரியவர்களைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். கட்டுக்கதைகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்மானியப் பிரபு மன்ச்சாசனின் பெயரை அந்த நிலைக்குச் சூட்டினார். 1977இல் அதே இதழில், லீட்ஸ் நகரக் குழந்தை மருத்துவர் ராய் மெடோ இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஒரு சிறுமியின் சிறுநீர் மாதிரியில் தாயே ரத்தத்தைக் கலந்து வந்தார். சிறுமி ஆண்டுக்கணக்கில் பரிசோதனைகளுக்கு ஆளானாள். இன்னொரு குழந்தைக்குத் தாய் அளவுக்கு மீறி உப்பைக் கொடுத்து வந்தார். அந்தக் குழந்தை இறந்தது. பெரியவர் தன் உடலை வைத்துச் சொன்ன பொய்யை, இங்கே பெற்றவர் குழந்தையின் உடலை வைத்துச் சொல்கிறார். ஆகவே இதை ‘மன்ச்சாசன் சிண்ட்ரோம் பை ப்ராக்ஸி’ என்றார் மெடோ.

இன்று மருத்துவர்கள் அந்தப் பெயரைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். அது பெற்றவரின் மனநோயின் பெயராக ஒலிக்கிறது; துன்பப்படும் குழந்தை பின்னால் மறைந்துவிடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013இல் இதனைப் ‘பராமரிப்பாளர் புனைந்த நோய்’ என்றும், குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமைகளில் ஒன்று என்றும் வரையறுத்தது. ஏன் செய்தார் என்று ஆராய்வது மனநல மருத்துவரின் வேலை. குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதே நமது கேள்வி.

இது நடக்குமா என்று ஐயப்படுவோருக்கு ஒரு செய்தி. 1997இல் டேவிட் சவுத்தால் என்ற குழந்தை மருத்துவரும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டன் மருத்துவமனைகளில் ஐயத்துக்கு இடமான 39 குழந்தைகளின் படுக்கைகளை மறைவான காமிரா மூலம் கண்காணித்தபோது, 33 குழந்தைகளுக்குத் தீங்கு இழைக்கப்படுவது தெரியவந்தது.

நம் பக்கத்து ஊரில்

2013 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டம் திண்டிவனம் பகுதியிலிருந்து ஒரு கைக்குழந்தை தீக்காயங்களுடன் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது நினைவிருக்கலாம். பிறந்து சில மாதங்களே ஆன அந்தக் குழந்தையின் உடலில் தானாகவே தீப்பற்றுகிறது என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஊரில் பேய், சாபம் என்று பேச்சு. அந்தக் குடும்பத்தைப் பக்கத்தில் சேர்க்கவே அக்கம்பக்கத்தார் அஞ்சினார்கள். தொலைக்காட்சிகள் ‘எரியும் குழந்தை’ என்றன. மருத்துவர்கள் பல பரிசோதனைகள் செய்தார்கள். மனித உடல் தானாகத் தீப்பற்றும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றும், யாரேனும் தீங்கு செய்திருக்கும் வாய்ப்பையும் பார்க்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2015 ஜனவரியில் அதே குடும்பத்தில் பிறந்த அடுத்த குழந்தையும் தீக்காயத்துடன் மருத்துவமனைக்கு வந்தது.

யார் மீதும் பழி சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அறிவியல் ஆசிரியராக ஒன்றை நினைத்து வெட்கப்பட்டேன். அந்த நாட்களில் எங்கள் ஆசிரியர் அறையில், “உடம்பில் பாஸ்பரஸ் இருக்குமோ?” என்று நாங்களும் வாதம் செய்துகொண்டிருந்தோம். உடல் எப்படி எரிகிறது என்று ஊரே கேட்டது. இன்றிரவு அந்தக் குழந்தை யார் பொறுப்பில் தூங்கும் என்று கேட்டவர்கள் குறைவு. விந்தையான நோயின் கதை குழந்தையை விடச் சுவையாக இருப்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

பள்ளி இல்லாத குழந்தை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஜிப்சி ரோஸ் என்ற பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய், தசைச் சிதைவு நோய், வலிப்பு என்று தாய் ஊருக்கெல்லாம் சொல்லிவந்தார். நன்றாக நடக்கக்கூடிய அவர் சக்கர நாற்காலியில் வளர்ந்தார். வயிற்றில் குழாய் வழியாக உணவு ஏற்றப்பட்டது. தொண்டு அமைப்புகள் உதவிகளை வாரி வழங்கின. 2015இல் அந்தத் தாய் கொலை செய்யப்பட்டார். அதில் பங்கிருந்ததற்காக மகளுக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2023 டிசம்பரில் விடுதலையானார்.

இந்த வழக்கில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொடக்க வகுப்புகளுக்குப் பிறகு அவர் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. தாயின் கண்ணுக்கு அப்பால், நாள்தோறும் ஆறு மணி நேரம், அவர் ஓடுகிறாரா, சாப்பிடுகிறாரா, சிரிக்கிறாரா என்று பார்க்க ஒருவரும் இல்லை. மருத்துவர் குழந்தையைப் பத்து நிமிடம் பார்க்கிறார். அதுவும் தாய் சொல்வதைக் கேட்டபடி. தாய் இல்லாத நேரத்தில் குழந்தையை நெடுநேரம் பார்க்கிற வாய்ப்பு நமக்குத்தான் இருக்கிறது. மருத்துவருக்குக் கிடைக்காத அந்தத் தகவல் நம் வருகைப் பதிவேட்டிலும் வராந்தாவிலும் கிடக்கிறது.

பள்ளியில் தென்படக்கூடிய அடையாளங்கள்

பிரிட்டனின் குழந்தை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2021இல் வெளியிட்ட வழிகாட்டி பல எச்சரிக்கைக் குறிகளைச் சொல்கிறது. அவற்றில் நம் வகுப்பறைக்குப் பொருந்துபவற்றை என் சொற்களில் தருகிறேன்.

1. வீட்டில் கடுமையாக இருப்பதாகச் சொல்லப்படும் அறிகுறிகள் பள்ளியில் ஒருவர் கண்ணிலும் படாமை.

2. நோயின் பெயரைச் சொல்லி நீண்ட விடுப்பு. ஆனால் மருத்துவரின் கடிதம் கேட்டால் தட்டிக்கழித்தல்.

3. ஒரு நோய் தீர்ந்தது என்றவுடன் இன்னொரு நோய் வருதல். மருத்துவமனைகளை அடிக்கடி மாற்றுதல்.

4. குழந்தை செய்யக்கூடியதை விட மிகக் குறைவாகவே செய்யவிடுதல்: நடக்கிற பிள்ளையைத் தூக்கி வருதல், சாப்பிடுகிற பிள்ளைக்குக் கஞ்சி மட்டும் கொடுத்தல்.

5. நல்ல செய்தி கேட்டால் நிம்மதிக்குப் பதில் கோபம்.

6. குழந்தையிடம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பெற்றவரே பதில் சொல்லுதல். தனியாகப் பேச விடாமை.

7. பள்ளியும் மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதை எதிர்த்தல்.

8. தன் நோயைப் பற்றிக் கேட்டால், குழந்தை மனப்பாடப் பகுதி ஒப்பிப்பதுபோல் பெற்றவரின் சொற்களையே திருப்பிச் சொல்லுதல்.

இவற்றில் ஒன்றிரண்டு இருப்பதால் எதுவும் உறுதியாகிவிடாது. குறைப்பிரசவத்தில் பிறந்த பிள்ளை, ஒரு பிள்ளையை இழந்தபின் பிறந்த பிள்ளை, இவர்களின் தாய்மார் தும்மலுக்கும் பயப்படுவார்கள். அந்த வழிகாட்டியே, இத்தகைய நிலைகள் பலவற்றில் பெற்றவர் ஏமாற்ற நினைப்பதில்லை, அச்சத்தாலும் தவறான நம்பிக்கையாலும்தான் அப்படி நடந்துகொள்கிறார் என்பதைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அந்தத் தாய்க்குத் தேவை உதவி. ஆனால் காரணம் அச்சமாக இருந்தாலும், தேவையில்லாத ஊசி குழந்தைக்கு வலிக்கத்தான் செய்யும். ஆகவே குறி தெரிந்தால் கவனிக்க வேண்டும், முடிவு கட்டக்கூடாது.

நான் செய்த இரண்டாவது தவறு

இதையெல்லாம் படித்தபின் என் பார்வை மாறியது. அளவுக்கு மீறியே மாறிவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகள் கழித்து ஏழாம் வகுப்பில் ஒரு பையன். அவனை வளர்த்தவர் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா. “டீச்சர், புள்ள அப்பப்ப அப்படியே நின்னுபோறான். கூப்பிட்டா காதுல விழல. பொம்மை மாதிரி பாக்கறான்” என்று மாதம் ஒருமுறை வந்து சொல்வார். மூன்று மருத்துவமனைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். நான் வகுப்பில் அப்படி எதையும் கண்டதில்லை. பையன் மற்றவர்களோடு ஓடியாடிக்கொண்டிருந்தான். பாடத்தில் மட்டும் கவனக்குறைவு. என் மனத்தில் குறிகள் வரிசையாக ஓடின: பள்ளியில் காணாத அறிகுறி, பல மருத்துவமனை, ஓயாத புகார். ஆயா வந்தால் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். ஆசிரியர் அறையில் இரண்டு பேரிடம் என் ஐயத்தைச் சொல்லியும்விட்டேன்.

பிறகு மூளை மின்னலைப் பரிசோதனை எடுத்தார்கள். அவனுக்கு இருந்தது கண நேர நினைவிழப்பு வலிப்பு. இதில் பிள்ளை கீழே விழுவதில்லை, கை கால் இழுப்பதில்லை. சில நொடிகள் பார்வை நிலைத்துவிடும், இமை படபடக்கும், எழுதும் கை நிற்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வான். ஒரு நாளில் பலமுறை வரலாம். நான் ‘கவனக்குறைவு’ என்று மதிப்பெண் அட்டையில் எழுதியது அதைத்தான். என் கண் முன்னால் நடந்ததை நான் காணவில்லை; எழுதப் படிக்கத் தெரியாத ஆயா கண்டிருந்தார்.

ஆயாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நான் ஐயப்பட்டதே தெரியாது. “நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர், நாப்பது புள்ளைங்க” என்றார்.

பெரிய அளவில் இந்தத் தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உலகில் சான்று இருக்கிறது. பிரிட்டனில் சாலி கிளார்க் என்ற தாய், தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக 1999இல் தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கில் நிபுணர் சாட்சியாக வந்தவர் நாம் மேலே கண்ட அதே ராய் மெடோ. இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் காரணம் தெரியாமல் திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார் அவர். ஒரே குடும்பத்தில் நிகழும் இரண்டு மரணங்களைத் தொடர்பில்லாத நிகழ்வுகளாகக் கொண்டு பெருக்கியது அடிப்படைக் கணக்குப் பிழை. 2003இல் தண்டனை ரத்தானது. விடுதலையான நான்கு ஆண்டுகளில் அந்தத் தாய் இறந்துபோனார். இந்தக் கொடுமையை உலகுக்கு எடுத்துச் சொன்ன மருத்துவரே அளவு மீறி நம்பியபோது ஒரு குடும்பம் அழிந்தது. மருத்துவருக்கே இப்படியென்றால் பி.எட். படித்த நான் எம்மாத்திரம்?

மலரிடம் அளவுக்கு மீறி நம்பினேன். பையனிடம் அளவுக்கு மீறி ஐயப்பட்டேன். இரண்டிலும் தவறு ஒன்றுதான்: கண்டதை எழுதிவைக்காமல், நானே தீர்ப்புச் சொன்னேன்.

என்ன எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும்

ஒரு சாதாரண 80 பக்க நோட்டுப் போதும். தேதி, நேரம், கண்டது, கேட்டது. கருத்து வேண்டாம். ‘தாய் பொய் சொல்கிறார்’ என்பது கருத்து. ‘பகல் 12.40, பருப்புச் சாதம் முழுவதும் சாப்பிட்டாள், 3.30 வரை வாந்தி இல்லை’ என்பது கண்டது. ‘மறுநாள் காலை, இரவு மூன்று முறை வாந்தி எடுத்ததாகத் தாய் சொன்னார்’ என்பது கேட்டது. இரண்டையும் கலக்காமல் அடுத்தடுத்து எழுதினால், படிக்கும் மருத்துவர் தாமே முடிவுக்கு வருவார். அறிகுறியை நாம் கண்டாலும் அதே கவனத்தோடு எழுத வேண்டும். அந்தப் பையனுக்கு இப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால் அவன் நோய் சில மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

வருகைப் பதிவேட்டிலிருந்து விடுப்பு நாட்களையும், ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணத்தையும் தனியாக எடுத்து வரிசைப்படுத்துங்கள். எந்தக் கிழமை, விடுமுறைக்கு முன்பா பின்பா, வீட்டில் யார் இருக்கும்போது என்பது அதில் தெரியும்.

பள்ளியில் கொடுக்கச் சொல்லித் தரப்படும் மாத்திரைகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். சீட்டின் நகலைத் தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே விதி என்றால் எந்தத் தாயும் வருத்தப்படமாட்டார்.

யாரிடம் சொல்வது?

முதலில் தலைமையாசிரியர். ஆசிரியர் அறை அன்று. நான் இரண்டு பேரிடம் சொன்னதைப்போல் சொன்னால், மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். முத்தியால்பேட்டை போன்ற, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், மணிக்கூண்டைத் தாண்டுவதற்குள் பேச்சு அந்தக் குடும்பத்தின் வாசலுக்குப் போய்ச் சேரும்.

அடுத்து, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உடற்பரிசோதனை செய்யப்படுகிறது. குழு வரும் நாளில் உயரம், எடை பார்ப்பதோடு விட்டுவிடாமல், நம் குறிப்பை மருத்துவரிடம் தனியாகக் கொடுக்கலாம். “இந்தக் குழந்தையைப் பற்றி வீட்டில் சொல்வதும் பள்ளியில் நாங்கள் பார்ப்பதும் வேறாக இருக்கின்றன” என்ற ஒரு வரியே போதும். நம் ஊரில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒரே குழந்தையின் சீட்டுகள் பல இடங்களில் சிதறிக் கிடப்பதால்தான் யாருக்கும் முழுப் படம் தெரிவதில்லை. ஒரு மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

தீங்கு நடக்கிறது என்று நியாயமான ஐயம் இருந்தால் குழந்தைகள் நலக் குழுவை அணுக வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015, தன்னோடு வாழ்பவரால் காயப்படுத்தப்பட்ட, கொடுமைக்கு ஆளான, கவனிப்பின்றி விடப்பட்ட குழந்தையை ‘கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்கிறது. அச்சட்டத்தின் 75ஆம் பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற உடல், மனத் துன்பம் தரும் வகையில் நடந்துகொண்டால், 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்க வகை செய்கிறது. 74ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், பள்ளி, முகவரி ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் பகிரலாமா என்று தயங்கவே வேண்டாம், பகிரக்கூடாது. உடனடி ஆபத்து என்றால் 1098. நள்ளிரவிலும் அழைக்கலாம்.

செய்யக்கூடாதவை

பெற்றவரிடம் நேரடியாக ஐயத்தைச் சொல்லக்கூடாது. வாசலில் நான் சொன்னது நல்லெண்ணத்தில்தான். ஆனால் கண்டுபிடிக்கப்பட்டோம் என்று உணரும் பராமரிப்பாளர் இரண்டில் ஒன்றைச் செய்யக்கூடும்: நோய் உண்மை என்று காட்டக் குழந்தைக்கு மேலும் தீங்கு செய்வார், அல்லது குழந்தையை நம் கண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். மலர் விஷயத்தில் இரண்டாவது நடந்தது எனக்குத் தெரியும். முதலாவதும் நடந்ததா என்ற கேள்வி இரவில் வரும்.

உண்மையா என்று சோதிக்க, ஒவ்வாமை என்று சொல்லப்பட்ட உணவை நாமாகக் கொடுத்துப் பார்க்கவே கூடாது. உண்மையான ஒவ்வாமை சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். சொல்லப்பட்ட மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து.

குழந்தையிடம் விசாரணை நடத்தக்கூடாது. “அம்மா உனக்கு என்ன கொடுக்கிறாங்க?” என்று கேட்டால், அது அம்மாவைக் காட்டிக்கொடுக்கச் சொல்வதாகும். இல்லாத நோயைச் சுமக்கும் பிள்ளை தன்னை உண்மையாகவே நோயாளி என்று நம்பியிருக்கலாம். அம்மாவின் அன்பு நோயின் வழியாகத்தான் கிடைக்கும் என்று கற்றிருக்கலாம். அவளாக ஏதேனும் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டு, அவள் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. “என்னிடம் சொன்னது நல்லது. உதவி செய்யக்கூடியவர்களிடம் கேட்கிறேன்” என்று சொன்னால் போதும்.

இதற்கிடையில் அவளுக்கு வகுப்பில் ஓர் இடம் வேண்டும். நோய் அல்லாத ஒரு பெயர் வேண்டும். மலருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆறு மாதத்தில் ஒருநாள்கூட அவளைக் கரும்பலகையில் தேதி எழுத அழைத்ததில்லை. நின்றால் மயக்கம் வரும் என்று தாய் சொல்லியிருந்தார்.

இடையில் கேட்கப்படும் மாற்றுச் சான்றிதழ்

இறுதியாக ஒன்று. நடு ஆண்டில், நோயைக் காரணம் காட்டி, அவசரமாக மாற்றுச் சான்றிதழ் கேட்கப்பட்டால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சான்றிதழை மறுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் எந்தப் பள்ளிக்குப் போகிறாள் என்று கேட்கலாம். அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நம் தலைமையாசிரியர் பேசலாம். நோட்டில் உள்ளதை, முறையான வழியில், குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்பலாம். குழந்தை வேறு பள்ளிக்குப் போனாலும் நாம் கண்டது அவளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் என் மேசை இழுப்பறையில் ஒரு புதிய நோட்டு வைக்கிறேன். பெரும்பாலான ஆண்டுகளில் அதில் காய்ச்சல், பல்வலி, விழுந்து முட்டி பெயர்ந்தது, இவைதான் இருக்கும். அதுவே நான் விரும்புவது. மலருக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும். எங்கேனும் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கலாம். அவளைப் பற்றி நான் எழுதிய ஒரே குறிப்பு இந்தக் கட்டுரை. அது பத்து ஆண்டு தாமதமாக வந்திருக்கிறது. உங்கள் வகுப்பில் வேப்பமரத்தடியில் செருப்புகளைக் காவல் காக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், அந்தக் குறிப்பை இன்றே தொடங்குங்கள்.